‘ரெடி டு பர்ன்’ விறகு: அந்த 20% முத்திரைக்கு காசு கொடுக்கலாமா?



குளிர்காலம் தொடங்கினாலே இங்கிலாந்தில் இருக்கிற நம்ம சேனல் நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. “வீடு வாங்கியிருக்கோம், ஹால்ல லாக் பர்னர் இருக்கு. கேஸ் பில்லைப் பார்த்தா பயமா இருக்கு. விறகு எரிச்சா மிச்சமாகுமா?” இந்த முறை ஹாரோவில் இருந்து ஒரு அக்கா கொஞ்சம் கூடுதலாவே கேட்டிருந்தாங்க. கடையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை போட்ட மூட்டை இருக்கு. ஃபேஸ்புக்கில் ஒருத்தர் முத்திரை எல்லாம் கிடையாது, ஆனா வேன்ல கொண்டுவந்து பாதி விலைக்குக் கொட்டறேன்னு சொல்றார். எதை வாங்கறது?

கேள்வி விறகு பத்தினது மாதிரி இருந்தாலும் இது முழுக்க முழுக்க கணக்கு. ஒரு பொருளை வாங்கறீங்க, அதுல எவ்வளவு சரக்கு, எவ்வளவு தண்ணின்னு கண்ணால பார்த்து தெரியாது. விக்கிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். எனக்கு இது தினமும் பார்க்கிற பிரச்சினை, பொருள்தான் வேற.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்திடலாம். இங்கிலாந்தில் வீட்டு உபயோகத் திட எரிபொருளுக்கான காற்றுத் தர விதிமுறைகள் 2020-ல் போட்டாங்க, 2021 மே 1 முதல் அமலுக்கு வந்துச்சு. 2 கன மீட்டருக்குக் குறைவா விறகு விக்கணும்னா ஈரப்பதம் 20%-க்கு மேல இருக்கக் கூடாது. விக்கிறவர் அதுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கணும், மூட்டையில் முத்திரையும் சான்றிதழ் எண்ணும் இருக்கணும். சான்றளிக்கிற வேலையைச் செய்றது வுட்ஷ்யூர் என்ற அமைப்பு. வருஷத்துக்கு 600 கன மீட்டருக்குக் குறைவா விக்கிற சின்ன வியாபாரிகளுக்கு மட்டும் ஒரு வருஷம் கூடுதலா, 2022 மே 1 வரைக்கும் அவகாசம் கொடுத்தாங்க. அதுவும் முடிஞ்சு போச்சு.

2 கன மீட்டரும் அதுக்கு மேலயும் மொத்தமா வாங்கினா ஈர விறகையும் விக்கலாம். ஆனா எப்படி உலர்த்தணும்னு குறிப்பு கொடுத்துத்தான் விக்கணும். லாஜிக் புரியுதுல்ல? அவ்வளவு விறகு வாங்கறவர்கிட்ட அடுக்கி வைக்க இடம் இருக்கும், காய வைப்பார். பெட்ரோல் பங்க்ல ஒரு வலைப்பை வாங்கறவர் அன்னைக்கு ராத்திரியே எரிப்பார். சட்டம் ரெண்டாவது ஆளைத்தான் காப்பாத்த நினைக்குது.

ஆக, ஃபேஸ்புக் வேன்காரர் ஒரு கன மீட்டர் விறகை முத்திரை இல்லாம உங்களுக்கு வித்தா அவர் விதியை மீறுறார். அபராதம் விக்கிறவருக்குத்தான், 300 பவுண்ட். உங்களுக்கு இல்லை. அதனால “சட்டப்படி எனக்கு ஒண்ணும் ஆகாதே, வாங்கலாமே” அப்படின்னு தோணும். சரி, சட்டத்தை ஓரமா வச்சுட்டு கணக்கு மட்டும் போடுவோம்.

10 கிலோ விறகுக்குள்ள என்ன இருக்கு?

முழுசா காஞ்ச மரம் ஒரு கிலோவில் சுமார் 5.3 யூனிட் வெப்பம் இருக்கு. நம்ம ஊர் கரண்ட் பில்லில் சொல்ற அதே யூனிட்தான், கிலோவாட் மணி. எந்த மரமா இருந்தாலும் எடைக்கு எடை பார்த்தா பெரிய வித்தியாசம் கிடையாது. விறகில் இருக்கிற தண்ணி அடுப்பில் ஆவியாகணும். அதுக்கு ஒரு கிலோ தண்ணிக்குச் சுமார் 0.68 யூனிட் செலவாகும். இந்த ரெண்டு எண் போதும்.

20% ஈரம் இருக்கிற 10 கிலோ விறகை எடுத்துக்கங்க. 8 கிலோ மரம், 2 கிலோ தண்ணி. 8-ஐ 5.28 ஆல் பெருக்கி, 2 கிலோ தண்ணிக்கான செலவைக் கழிச்சா சுமார் 41 யூனிட். இதே 35% ஈரம்னா சுமார் 32. அப்பத்தான் வெட்டின பச்சை விறகு, 50% ஈரம்னா வெறும் 23 யூனிட். அதாவது கிலோ கணக்கில் ஒரே விலைக்கு வாங்கினா, பச்சை விறகில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு நீங்க கொடுக்கிற காசு 78% அதிகம். தண்ணியைக் காசு கொடுத்து வாங்கி, மறுபடி காசு கொடுத்து அதை ஆவியாக்கி வெளியே அனுப்பறீங்க.

இது வரைக்கும் எல்லாரும் சொல்றதுதான். ஆனா இங்க ஒரு ட்விஸ்ட் இருக்கு, விறகு விக்கிற கம்பெனி விளம்பரங்கள் இதைச் சொல்லாது. இங்கிலாந்தில் விறகைப் பெரும்பாலும் எடை போட்டு விக்கிறதில்லை. கன அளவில்தான் விக்கிறாங்க. கன மீட்டர், பெரிய பை, சின்ன வலைப்பை. கன அளவில் வாங்கும்போது தண்ணிக்கு நீங்க தனியா காசு கொடுக்கறதில்லை, ஏன்னா தண்ணி மரத்தோட செல்லுக்குள்ள உக்காந்திருக்கு, தனி இடம் எடுக்கறதில்லை. காஞ்சா மரம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.

கொட்டின குவியலா ஒரு கன மீட்டர் விறகில் 200 கிலோ உலர் மரம் இருக்குன்னு வச்சுக்கலாம் (ஆஷ், ஓக் மாதிரி கெட்டி மரத்துக்கு இது ஓரளவு பொருந்தும்). 20% ஈரத்தில் அதோட எடை 250 கிலோ, வெப்பம் சுமார் 1,020 யூனிட். 50% ஈரத்தில் எடை 400 கிலோ, வெப்பம் சுமார் 920 யூனிட். வித்தியாசம் 10% தான்! அப்போ பாதி விலைக்கு வேன்காரர் கொடுக்கிற ஈர விறகு லாபம்தானே?

காகிதத்தில் லாபம். அடுப்பில் நஷ்டம். ஈர விறகை வச்சா அடுப்புக்குள்ள சூடு ஏறாது. சூடு ஏறலைன்னா மரத்தில் இருந்து வர்ற வாயு எரியாமலே புகையா புகைபோக்கி வழியா போயிடும். மரத்தோட வெப்பத்தில் பெரிய பங்கு அந்த வாயுவில்தான் இருக்கு. கிராமத்தில் மழைக்காலத்துல விறகடுப்பு பத்த வச்சு ஊதுகுழலோட கண் எரிய உக்காந்திருந்த பாட்டிங்களுக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை. நல்ல ஸ்டவ் 75% திறனில் வேலை செய்யும்னு வச்சுக்கிட்டா, காஞ்ச விறகில் உங்க ஹாலுக்கு வர்றது சுமார் 765 யூனிட். ஈர விறகில் அந்தத் திறன் 50%-க்கு இறங்கிச்சுன்னா 460 தான். இந்த 50% உதாரணத்துக்கு நான் எடுத்த எண். உங்க ஸ்டவ்ல கூடவோ குறையவோ இருக்கும்.

எரியாத புகையில் இருக்கிற தார், புகைபோக்கி உள்சுவர்ல கறுப்பா படியும். அதுக்குப் பேர் கிரியோசோட். அது நல்லாவே எரியக் கூடிய பொருள், புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கிறதுக்கு முக்கியக் காரணம் அதுதான். உங்க வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒரு தடவை படிங்க. வருஷா வருஷம் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணியிருக்கணும், அதுக்கு ரசீது இருக்கணும்னு நிபந்தனை போட்டிருக்காங்களான்னு பாருங்க. பாதி விலை விறகு மிச்சம் பண்ற 60, 70 பவுண்டை இந்த ஒரு விஷயத்துக்கு எதிரே வச்சுப் பாருங்க.

20%-ஆ, 25%-ஆ? மீட்டர் சொல்றதை அப்படியே நம்பாதீங்க

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கணக்குப் படிச்சவங்களுக்கு இதைப் பார்த்த உடனே சிரிப்பு வரும்.

ஈரப்பதத்தை ரெண்டு விதமா கணக்கிடலாம். தண்ணியோட எடையை விறகோட மொத்த எடையால் வகுத்தா அது ஒரு சதவீதம். எரிபொருள் வியாபாரத்தில் இதைத்தான் பயன்படுத்துவாங்க, அந்த 20% இந்தக் கணக்குதான். அதே தண்ணியை உலர் மரத்தோட எடையால மட்டும் வகுத்தா அது வேற சதவீதம். தச்சு வேலை, கட்டட வேலைக்காரங்க இந்த ரெண்டாவது கணக்கில் பேசுவாங்க. கடையில் கிடைக்கிற ரெண்டு ஊசி வச்ச மலிவான மீட்டர்களில் பலதும் அவங்களுக்காகச் செய்யப்பட்டவை.

8 கிலோ மரம், 2 கிலோ தண்ணி. மொத்தத்தால் வகுத்தா 2/10, அதாவது 20%. உலர் மரத்தால் வகுத்தா 2/8, அதாவது 25%. ஒரே விறகு, ரெண்டு எண்.

கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு வித்தா, அடக்க விலை மேல லாபம் 25%, விற்பனை விலை மேல லாபம் 20%. மார்க்கப்புக்கும் மார்ஜினுக்கும் உள்ள அதே வித்தியாசம்! யாராவது “25% லாபம்”னு சொன்னா நான் முதல்ல கேட்கிற கேள்வி, எதுக்கு மேல 25%? விறகு மீட்டரையும் அதே கேள்வி கேளுங்க. கையேட்டில் ‘உலர் அடிப்படை’ன்னு போட்டிருந்தா, மீட்டர் காட்டற எண்ணை எடுத்து, அதோட 100 கூட்டி வர்ற எண்ணால் வகுங்க. மீட்டர் 24 காட்டினா 24-ஐ 124 ஆல் வகுக்கணும், 19.4% வரும். அந்த விறகு பாஸ். தெரியாம கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிருப்பீங்க.

பச்சை மரத்துக்கு “100% ஈரப்பதம்”னு சில இடத்தில் எழுதியிருக்கும். முழுசும் தண்ணின்னா மரம் எங்கேன்னு குழம்ப வேண்டாம். பாதி தண்ணி, பாதி மரம், உலர் அடிப்படையில் சொல்றாங்க.

மீட்டரை எப்படி வைக்கணும்னா, விறகோட வெளிப்பக்கத்திலோ வெட்டின முனையிலோ குத்திப் பார்க்காதீங்க. அங்க எப்பவும் சீக்கிரம் காஞ்சிடும். கட்டையைப் பிளந்து, புதுசா திறந்த உள்பக்கத்தில் நடுவில் குத்தணும். ஒரு கட்டை போதாது, மூட்டையில் மேலே, நடுவே, அடியில்ன்னு நாலஞ்சு எடுக்கணும். விறகு குளிர்ந்து கிடந்தா மீட்டர் குறைச்சுக் காட்டும், அதனால ஒரு ராத்திரி வீட்டுக்குள்ள வச்சுட்டுப் பாருங்க. ரொம்ப ஈரமான விறகில் இந்த ஊசி மீட்டர் சரியா காட்டாது. அது “நிறைய ஈரம்” என்பதைத்தான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது.

துல்லியமா வேணும்னா சோதனைக்கூடம் செய்றதையே சின்ன அளவில் வீட்டில் செய்யலாம். ஒரு சின்னத் துண்டு விறகை சமையலறைத் தராசில் எடை போடுங்க. 105 டிகிரியில் அவனில் வச்சு, அப்பப்போ எடுத்து எடை பாருங்க. எடை குறையறது நிக்கிற வரைக்கும் வைக்கணும், பல மணி நேரம் ஆகும், பக்கத்திலேயே இருங்க. 200 கிராம் துண்டு 160 கிராம்ல நின்னா, 40/200, 20%. அவன் கரண்டுக்குக் காசு ஆகும், அதனால இதை வருஷத்துக்கு ஒரு தடவை, புதுக் கடைக்காரர்கிட்ட வாங்கும்போது மட்டும் செய்தா போதும்.

முத்திரை எதுக்கு உத்தரவாதம், எதுக்கு இல்லை

சான்றிதழை நான் ஆடிட் மாதிரிதான் பார்க்கறேன். ஆடிட்டர் கம்பெனியோட ஒவ்வொரு பில்லையும் பார்க்க மாட்டார். நடைமுறை சரியா இருக்கான்னு பார்ப்பார், மாதிரி எடுத்துச் சோதிப்பார், கையெழுத்து போடுவார். விறகிலும் அதேதான். உங்க மூட்டையில் இருக்கிற ஒவ்வொரு கட்டையையும் யாரும் அளக்கலை. உற்பத்தியாளர் உலர்த்தற முறையும் மாதிரிகளும் தேறியிருக்கு, அவ்வளவுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, ஆடிட் ரிப்போர்ட்டில் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் நடந்ததுக்கு அது பொறுப்பில்லை. 15% ஈரத்தில் தொழிற்சாலையை விட்டுப் போன விறகு, வலைப்பையில் பெட்ரோல் பங்க் வாசலில் நவம்பர் மழையில் மூணு வாரம் நின்னா என்ன ஆகும்? முத்திரை அப்படியேதான் இருக்கும். கடைக்கு வெளியே மழையில் நனையற மூட்டையை நான் வாங்க மாட்டேன், எந்த முத்திரை இருந்தாலும்.

‘கில்ன் ட்ரைட்’, ‘சீசண்ட்’ என்ற வார்த்தைகளையும் முத்திரையோட குழப்பிக்காதீங்க. ஒண்ணு சூளையில் உலர்த்தினது, இன்னொண்ணு காத்தில் உலர்த்தினது. ரெண்டும் உலர்த்தின முறையைச் சொல்லுது, கடைசியில் எவ்வளவு ஈரம் மிச்சம்னு சொல்லலை. நல்லா ரெண்டு வருஷம் காத்தில் காஞ்ச ஓக், அரைகுறையா சூளையில் வச்ச விறகை விட நல்லா எரியும். சூளை விறகுக்குக் கூடுதல் விலை கேட்டா, அந்தக் கூடுதல் எதுக்குன்னு கேளுங்க. சான்றிதழ் எண்ணை வுட்ஷ்யூர் தளத்தில் தேடிப் பார்க்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. ஒரு கம்பெனி பேரில் முத்திரை, ஆனா பட்டியலில் அந்தப் பேரே இல்லைன்னா நகர்ந்துடுங்க.

இவ்வளவு குறை இருந்தும் முத்திரை தேவையான்னு கேட்டா, தேவைன்னுதான் சொல்வேன். 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார், பின்னாடி 2001-ல் நோபல் பரிசு கிடைச்சது. வாங்கறவருக்குத் தரம் தெரியலைன்னா, அவர் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு வச்சிருக்கிறவர் கட்டுப்படியாகாம வெளியே போயிடுவார், மோசமான சரக்கு மட்டும் மிஞ்சும். விறகை ரெண்டு வருஷம் கொட்டகையில் அடுக்கி வச்சுக் காய வைக்கிற வியாபாரி, அந்த ரெண்டு வருஷமும் பணத்தை முடக்கி வச்சிருக்கார். நேத்து வெட்டினதை இன்னைக்கு விக்கிறவரோட அவர் விலையில் போட்டி போட முடியாது. முத்திரை அவருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனா சான்றிதழ் செலவு சின்ன வியாபாரிக்கு மூட்டைக்கு மூட்டை அதிகமா விழும், பெரியவருக்குக் குறைவா விழும், இது எந்தச் சான்றிதழிலும் இருக்கிற அநியாயம்தான்.

லண்டன்காரங்க இதைக் கண்டிப்பா படிங்க

முத்திரை இருந்தா எங்க வேணும்னாலும் எரிக்கலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இது தப்பு, காசு செலவாகிற தப்பு. லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 டிசம்பர் புகைமூட்டத்துக்குப் பிறகு வந்த 1956 சுத்தக் காற்றுச் சட்டத்தில் இருந்து தொடர்ற விஷயம் இது. இந்தப் பகுதிகளில் விறகு, எவ்வளவு காஞ்சிருந்தாலும், அனுமதிக்கப்பட்ட எரிபொருள் பட்டியலில் வராது. விலக்கு பெற்ற ஸ்டவ் இருந்தா மட்டும் விறகு எரிக்கலாம். பழைய விக்டோரியன் வீட்டில் அழகா இருக்கிற திறந்த கணப்பில் ‘ரெடி டு பர்ன்’ விறகைப் போட்டு எரிச்சுப் புகை வந்தா 300 பவுண்ட் வரைக்கும் அபராதம் வரலாம். விலக்கு இல்லாத அடுப்புக்காக அனுமதி இல்லாத எரிபொருளை வாங்கினா 1,000 பவுண்ட் வரைக்கும் போகலாம். உங்க கவுன்சில் தளத்தில் அஞ்சல் குறியீடு போட்டுப் பாருங்க, ஸ்டவ் மாடல் பேரை டெஃப்ரா விலக்குப் பட்டியலில் தேடுங்க. வீடு வாங்கற நிலையில் இருக்கீங்கன்னா, “ஹால்ல கணப்பு இருக்கு”ன்னு எஸ்டேட் ஏஜென்ட் சொன்னதும் மனசுல 10,000 பவுண்ட் கூட்டிக்காதீங்க.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவங்களுக்கு ஒரு வரி: விறகு ஸ்டவ் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைக்கிறது உங்க பொறுப்பு. வைக்கலைன்னா 5,000 பவுண்ட் வரைக்கும் அபராதம்.

சரி, மிச்சமாகுமா?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். கீழே இருக்கிற விறகு விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, உங்க ஊர் விலையைப் போட்டுக்கங்க.

8 கிலோ வலைப்பை 8 பவுண்ட். கிலோவுக்கு 4.1 யூனிட் வீதம் சுமார் 33 யூனிட். யூனிட்டுக்கு 24 பென்ஸ். ஸ்டவ் திறன் 75%, அதையும் சேர்த்தா உங்க ஹாலுக்கு வர்ற வெப்பம் யூனிட் சுமார் 32 பென்ஸ். ஒரு கன மீட்டர் 150 பவுண்ட்னு மொத்தமா வாங்கினா யூனிட் சுமார் 20 பென்ஸ்.

ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பில் கேஸ் 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை யூனிட் 6.24 பென்ஸ், கரண்ட் 24.5 பென்ஸ். பாய்லர் திறனைச் சேர்த்துக்கிட்டாலும் கேஸ் வெப்பம் யூனிட் 7 பென்ஸ் சொச்சம்தான். இந்த விலையில் வலைப்பை விறகு, சாதா எலக்ட்ரிக் ஹீட்டரை விடவும் காஸ்ட்லி! கேஸோட சமமாகணும்னா அந்த ஒரு கன மீட்டர் கெட்டி மரம் சுமார் 55 பவுண்டுக்குக் கிடைக்கணும். பைன் மாதிரி மென்மரம்னா இன்னும் குறைவா கிடைக்கணும், ஏன்னா அதே கன அளவில் மூணுல ஒரு பங்கு அளவுக்கு மரம் கம்மி.

அதனால கேஸ் கனெக்‌ஷன் இருக்கிற வீட்டில் பணத்தை மிச்சம் பண்ண விறகு வாங்கறது சரியான முடிவு இல்லை. ஒரு அறையை மட்டும் சூடாக்கி, மத்த அறைகளுக்கு ஹீட்டிங்கை நிறுத்தி வச்சா கொஞ்சம் மிச்சமாகும்னு வாதிடலாம். அது ரேடியேட்டர் வால்வைத் திருகினாலும் நடக்கும். கேஸ் லைன் இல்லாத கிராமத்தில், எண்ணெய் டேங்க் வச்சிருக்கிறவங்க கணக்கு வேற. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பமா நெருப்பு முன்னாடி உக்காரணும்னு ஆசைன்னா தாராளமா வாங்குங்க, ஆனா அதைப் பட்ஜெட்டில் ஹீட்டிங் தலைப்பில் எழுதாதீங்க. பொழுதுபோக்குத் தலைப்பில் எழுதுங்க.

மொத்தமா வாங்கற வழி ஒண்ணு இருக்கு, எனக்கு முதலீடு மாதிரியே தெரியற வழி. ஈர விறகு 2 கன மீட்டருக்கு மேல, கன மீட்டர் 100 பவுண்ட், காஞ்சது 150 பவுண்ட்னு வைங்க. வாங்கி ரெண்டு வருஷம் அடுக்கி வச்சா 100 பவுண்ட் 150 ஆகுது. கூட்டு வட்டியில் வருஷத்துக்கு சுமார் 22%, வரியும் கிடையாது. எந்த ஐசா கணக்கும் இதைக் கொடுக்காது. மாட்டிக்கிற இடம் எங்கேன்னா, இடம் வேணும், தரையில் இருந்து தூக்கி வைக்கணும், மேலே கூரை வேணும், பக்கவாட்டில் காத்து போகணும். கொட்டகைக்கு 300 பவுண்ட் செலவு பண்ணி 3 கன மீட்டர் விறகு வாங்கினா, முதல் சுற்று லாபம் 150 பவுண்ட், கொட்டகைச் செலவில் பாதிதான் திரும்பி வரும். தார்ப்பாயை முழுசா போத்தி மூடினா விறகு காயாது, பூஞ்சை பிடிக்கும்.

வாட் பத்தி ஒரு சின்ன விஷயம். வீட்டுக்கு எரிபொருளா மட்டும் விக்கிற விறகுக்கு வாட் 5% தான், 20% கிடையாது. பில்லில் 20% போட்டிருந்தா கேளுங்க.

இலவசமா கிடைச்ச மரம்? தோட்டத்து மரத்தை வெட்டினா அது உங்க சொந்த விறகு, இந்தச் சான்றிதழ் விதி விற்பனைக்குத்தான். ஆனா இயற்பியல் உங்களுக்குச் சலுகை கொடுக்காது, பிளந்து காய வச்சுத்தான் எரிக்கணும். மென்மரம் ஒரு வருஷம், ஓக் ரெண்டு வருஷம் அல்லது அதுக்கு மேல. ஆஷ் மரத்தில் வெட்டும்போதே ஈரம் குறைவு, அதனால சீக்கிரம் தயாராகும். பெயின்ட் அடிச்ச பழைய கதவு, ரசாயனம் ஏத்தின வேலிப் பலகையை மட்டும் உள்ள வைக்காதீங்க. அதுல ஈயமோ ஆர்செனிக்கோ இருக்கலாம், அந்தப் புகையை மூச்சு விடறது உங்க வீட்டுக் குழந்தைதான்.

புகைன்னதும் இன்னொரு கணக்கு. 2019 சுத்தக் காற்றுத் திட்டத்தில், நாட்டில் நேரடியா வெளியாகிற பி.எம். 2.5 நுண்துகளில் 38% வீடுகளில் விறகும் கரியும் எரிக்கிறதால வருதுன்னு அரசு சொல்லிச்சு. 2022-ல் புது ஆய்வுத் தரவை வச்சுத் திருத்தி, வீட்டு விறகோட பங்கு 17%-ன்னு சொன்னாங்க. ஸ்டவ் விக்கிறவங்க “பாருங்க, பாதிக்கும் மேல குறைஞ்சிடுச்சு”ன்னு இதைச் சொல்வாங்க. வீட்டுக்கு வீடு கேஸ் ஹீட்டிங் இருக்கிற நாட்டில், சில பேர் மட்டும் எரிக்கிற ஒரு பொருளுக்கு 17% எனக்குச் சின்ன எண்ணாத் தெரியலை. ஹாரோ அக்கா வீட்டில் ஊரில் இருந்து வந்திருக்கிற அம்மாவுக்கு ஆஸ்துமா. அவங்களுக்கு நான் எழுதின பதில்: வேன்காரர் விறகு வேண்டாம், கடை மூட்டையும் இந்தக் குளிர்காலம் வேண்டாம், அம்மா ஊருக்குப் போன பிறகு உங்க ஸ்டவ் விலக்குப் பட்டியலில் இருந்தா யோசிங்க.

ஏற்கனவே முத்திரை விறகு வாங்கி, பிளந்து பார்த்தா ஈரமா இருந்தா, மூட்டை லேபிளை படம் எடுங்க, மீட்டர் எண்ணையும் படம் எடுங்க, ரசீதை வச்சுக்கங்க. முதல்ல கடைக்காரர்கிட்ட போங்க, மாத்திக் கொடுக்கலைன்னா உங்க கவுன்சில்ல புகார் கொடுங்க, இந்த விதியை அமல்படுத்தறது அவங்கதான். மார்க்கப் மார்ஜின் கணக்கையும் விறகு விலைக் கணக்கையும் எக்செல்ல போட்டு வச்சிருக்கேன், இந்த வார வீடியோவுக்குக் கீழே இருக்கு. உங்க ஊர் விலையைப் போட்டுப் பார்த்துட்டு என்ன வருதுன்னு சொல்லுங்க.